ஃபில்டர் மீடியா மாற்றிய பிறகு மீன் தொட்டியில் கோளாறா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஃபில்டரிலிருந்து ஸ்பாஞ்சை உருவி, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஒரு முறை பிழிந்து பாருங்கள். பழுப்பு நிறத்தில் குழம்பாகக் கசடு இறங்கும். இரண்டாம் முறை பிழியும்போது நிறம் வெளிறும். மூன்றாம் முறைக்குப் பிறகும், ஸ்பாஞ்சின் மேல் விரலை ஓட்டினால் மெல்லிய வழவழப்பு ஒன்று தட்டுப்படும். முகர்ந்தால் மழையில் நனைந்த மண்ணின் வாடை வரும். அந்த வழவழப்பில்தான் உங்கள் தொட்டியின் உயிர் இருக்கிறது. மோட்டார், குழாய், பிளாஸ்டிக் பெட்டி எல்லாமே அந்த வழவழப்புக்குத் தண்ணீரையும் ஆக்சிஜனையும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடுகள்.

ஃபில்டருக்குள் வைக்கும் ஸ்பாஞ்ச், பஞ்சு, செராமிக் ரிங் போன்றவற்றைத்தான் மீடியா என்கிறோம். "அழுக்காகிவிட்டது" என்று அதை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய மீடியாவை மாட்டும்போதுதான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. அப்படி மாட்டிவிட்டு, இப்போது தொட்டிக்கு முன் கவலையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நன்னீர்த் தொட்டியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் கடிகாரம், அப்புறம் டெஸ்ட் கிட்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: மீடியா மாற்றி எவ்வளவு நேரம் ஆயிற்று?

ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்த தொல்லைக்கு, அந்த வழவழப்பில் வாழும் பாக்டீரியாக்களை இழந்தது காரணமாக இருப்பது அரிது. மீன் வெளியிடும் அம்மோனியா ஆபத்தான அளவுக்குச் சேரக் கொஞ்சம் காலம் பிடிக்கும். உடனே வந்தது என்றால் குளோரின், வெப்பநிலை மாற்றம், ஆக்சிஜன் குறைவு, ஃபில்டர் ஓடாமல் நின்றது ஆகியவற்றில் ஒன்றைத் தேடுங்கள். ஒரு நாளிலிருந்து நான்கைந்து நாளுக்குள் வந்தால் அம்மோனியாவைச் சந்தேகியுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து வந்தால் நைட்ரைட். வெகுகாலம் நன்றாக ஓடிய பழைய தொட்டி, பெரிய சுத்தம் செய்த அன்றே விழுந்தால் அது வேறு கதை. அதற்குக் கீழே தனியாக இடம் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, தண்ணீரை மாற்றுவதற்கு முன்பே அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கார்பனேட் கடினத்தன்மையையும், அதாவது கேஎச்சையும், சேர்த்து அளந்துவிடுங்கள். பதற்றத்தில் முதலில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டால், நடந்தது என்ன என்று சொல்லும் தடயமும் அதோடு போய்விடும். மீன்கள் சாகும் நிலையில் இருந்தால், ஒரு சின்னப் பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு மாற்றுங்கள். அளப்பதை அப்புறம் செய்யலாம்.

அந்த வழவழப்பில் யார் இருக்கிறார்கள்

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகும்போதும் அதே அம்மோனியாதான் வருகிறது. ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முன்பெல்லாம் இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்று எழுதுவார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒரே ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா இருப்பது 2015-இல் தெரியவந்தது. அவற்றில் ஒன்று கிடைத்த இடமே ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டர்தான்.

நமக்கு இதில் முக்கியமான செய்திகள் இரண்டு. இவை தண்ணீரில் மிதந்துகொண்டு வாழ்வதில்லை, பரப்புகளில் ஒட்டி வாழ்கின்றன. அதனால் தண்ணீரை மாற்றுவதால் இவற்றை அதிகம் இழக்க மாட்டீர்கள், மீடியாவை மாற்றினால் இழப்பீர்கள். அடுத்தது, இவை மெதுவாகப் பெருகும். குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். போனதை ஒரே இரவில் திரும்பப் பெற முடியாததற்குக் காரணம் இதுதான்.

அறிகுறி: மாற்றிய சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

முதலில் தண்ணீரின் மேற்பரப்பைப் பாருங்கள். அசைவு இருக்கிறதா? புதிய மீடியா அடர்த்தியாக இருந்தாலோ, ஃபில்டருக்குள் காற்று மாட்டிக்கொண்டிருந்தாலோ, ஓட்டம் பாதியாகிவிடும். மேற்பரப்பு அசையாவிட்டால் ஆக்சிஜன் இறங்காது. உடனே ஏர் ஸ்டோனை, அதாவது ஏர் பம்ப்பின் காற்றைக் குமிழிகளாக விடும் கல்லை, போடுங்கள். காரணம் எதுவாக இருந்தாலும் இது கெடுதல் செய்யாது.

அடுத்து, ஊற்றிய தண்ணீர். குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்த்தீர்களா? மறந்திருந்தால், தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு இப்போதே சேருங்கள். தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் போதும் என்ற பழக்கம் வெறும் குளோரினுக்குப் பொருந்தும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலக்கிறார்கள், அது வைத்திருந்தால் பறந்துபோகாது. அதோடு, குளோரமைனை மருந்து உடைக்கும்போது கொஞ்சம் அம்மோனியாவும் வெளியே வரும். உங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு முறை தனியாக அம்மோனியா டெஸ்ட் செய்து பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வெப்பநிலையைக் கையை விட்டுப் பார்க்காமல் தெர்மாமீட்டரில் பாருங்கள். அப்புறம் ஒன்று: பெட்டா, குராமி போன்ற மீன்கள் இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கும். அவை எப்போதாவது மேலே போய் வந்தால் பயப்பட வேண்டாம். எல்லா மீன்களும் சேர்ந்து மேலேயே நின்றால்தான் அது அறிகுறி.

அறிகுறி: தண்ணீர் பால் கலந்தது போல் வெளுத்துவிட்டது

மாற்றியவுடனேயே வந்த கலங்கல், அதுவும் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ இருந்தால், சரியாக அலசாத புது மீடியாவின் தூசி அது. ஆக்டிவேட்டட் கார்பனில் இது அடிக்கடி நடக்கும். சில மணி நேரத்தில் படிந்துவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் கழித்து வெண்மையாக, மூடுபனி போல் வந்தால் அது வேறு பாக்டீரியாக்களின் பெருக்கம். அழுகும் பொருளைத் தின்று வாழும் இந்த வகை மிக வேகமாகப் பெருகும், தண்ணீரிலேயே மிதக்கும். இது நேரடியாக மீனைக் கொல்வதில்லை. ஆனால் ஆக்சிஜனை நிறையக் குடிக்கும். அதனால் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், தீனியைக் குறையுங்கள், அம்மோனியாவைத் தினமும் அளந்து வாருங்கள். பொதுவாகச் சில நாளில் தானே தெளியும்.

இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். தண்ணீர் வெளுத்ததைப் பார்த்துவிட்டு "ஃபில்டர் வேலை செய்யவில்லை" என்று நினைத்து மீண்டும் மீடியாவை எடுத்துக் கழுவுகிறார்கள். புதிதாக ஒட்டத் தொடங்கியதும் போய்விடுகிறது. தயவுசெய்து ஃபில்டரைத் தொடாதீர்கள். பச்சை நிறக் கலங்கல் என்றால் அது பாசி. வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், இங்கே பேசும் விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அறிகுறி: இரண்டாம், மூன்றாம் நாளில் மீன்கள் சோர்ந்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, செவுள் சிவந்து நிற்கின்றன

இது அம்மோனியா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானே இந்தப் பள்ளத்தில் விழுந்தவன்.

100 லிட்டர் தொட்டி ஒன்று ஒரு வருடத்துக்கு மேல் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து ஸ்பாஞ்ச், பஞ்சு, செராமிக் ரிங் மூன்றையும் புதிதாக மாற்றினேன். அதே கையோடு அடிச் சரளையையும் சைஃபன் குழாயால் நன்றாக உறிஞ்சிச் சுத்தம் செய்தேன். அன்று மாலை தொட்டி கண்ணாடி போல் மின்னியது. மூன்றாம் நாள் காலையில் நியான் டெட்ராக்கள் ஒரு மூலையில் கூட்டமாக, தலையைச் சற்று மேலே தூக்கி நின்றன. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். செவுள் மூடிகள் வேக வேகமாகத் திறந்து மூடின, அவற்றின் ஓரம் சிவந்திருந்தது. டெஸ்ட் டியூபில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். அன்றும் மறுநாளும் சில மீன்களை இழந்தேன். அவை இறந்ததற்குக் காரணம் நான் செய்த அந்தச் சுத்தம் மட்டுமே. அந்த மூலையில் நின்ற கூட்டம் இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். தூக்கிப் போட்ட பழைய மீடியா ஈரமாக இன்னும் குப்பையில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில மணி நேரம்தான் ஆயிற்று, காயவில்லை, நாறவில்லை என்றால், தொட்டித் தண்ணீரில் மெதுவாக அலசி ஃபில்டருக்குள் எப்படியாவது திணித்துவிடுங்கள். அதில் இன்னும் உயிர் இருக்கும். முழுவதும் காய்ந்துவிட்டது என்றால் அதை நம்ப வேண்டாம்.

அது முடியாவிட்டால், நோயில்லாத வேறொரு தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சையோ ஒரு கைப்பிடி செராமிக் ரிங்கையோ வாங்கி வாருங்கள். தண்ணீரில் மூழ்கியபடி, திறந்த பாத்திரத்தில், சீக்கிரமாகக் கொண்டுவர வேண்டும். இதைவிட வேகமான மருந்து எதுவும் எனக்குத் தெரியாது. பாட்டிலில் வரும் பாக்டீரியாக்களில் சில வேலை செய்கின்றன, சில செய்வதில்லை. சேமித்து வைத்த விதத்தையும் பொறுத்தது. சேர்த்தால் தப்பில்லை, ஆனால் அதை நம்பிக்கொண்டு தண்ணீர் மாற்றுவதை நிறுத்தாதீர்கள்.

தீனியை இரண்டு நாளைக்கு நிறுத்துங்கள். ஆரோக்கியமான வளர்ந்த மீனுக்கு இது ஒன்றும் செய்யாது. அப்புறம் நாள் விட்டு நாள் துளியளவு போதும். உள்ளே போகும் தீனிதானே அம்மோனியாவாக வருகிறது.

தண்ணீர் மாற்றுவது எவ்வளவு, எப்போது என்பதைப் பிஎச்சும் தீர்மானிக்கிறது. டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் ஒரு பங்குதான் நச்சான கட்டற்ற அம்மோனியா, மிச்சம் அம்மோனியம். 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் நச்சுப் பங்கு சுமார் 0.6 சதவீதம். பிஎச் 8 என்றால் சுமார் 5 சதவீதம். 8.5-இல் 15 சதவீதம் அளவுக்குப் போகும். பிஎச் ஒன்று ஏறினால் நச்சு ஏறக்குறைய பத்து மடங்கு என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அதே 1 பிபிஎம் பிஎச் 7-இல் உட்கார்ந்து யோசிக்க நேரம் தரும், பிஎச் 8.5-இல் தராது. பொதுவாக 0.5 பிபிஎம்மைத் தாண்டினால் 30 முதல் 50 சதவீதம் வரை தினமும் மாற்றுங்கள், அளவு பூஜ்யத்துக்கு வரும் வரை. "தண்ணீரை மாற்றினால் பாக்டீரியா வளராதே" என்று சிலர் தடுப்பார்கள். அவை வளர மிகக் குறைந்த அம்மோனியாவே போதும், மீனைத் துன்பப்படுத்தும் அளவு தேவையில்லை.

அறிகுறி: அம்மோனியா இறங்கிவிட்டது, ஆனால் ஒரு வாரம் கழித்து மீன்கள் மறுபடி திணறுகின்றன

முதல் கூட்டம் வேலையைத் தொடங்கிவிட்டது, இரண்டாவது கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை. இடையில் நைட்ரைட் தேங்குகிறது. பலர் அம்மோனியா பூஜ்யம் என்று காட்டியவுடன் அளப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் இது பிடித்துக்கொள்கிறது.

நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றுகிறது. அது ஆக்சிஜனைச் சுமக்காது. தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் மீன் மூச்சுத் திணறும். செவுளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: அம்மோனியாவில் எரிச்சலால் சிவப்பு, நைட்ரைட்டில் பழுப்பு. இரத்தமே பழுப்பாவதால் இதைப் பழுப்பு இரத்த நோய் என்றும் சொல்கிறார்கள்.

இதற்குத் தண்ணீர் மாற்றுவதோடு இன்னொரு நல்ல துணையும் இருக்கிறது: சாதாரண உப்பு. செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் குளோரைடும் நுழைகிறது. குளோரைடு அதிகமாக இருந்தால் நைட்ரைட்டுக்கு வழி கிடைப்பது குறைகிறது. வேறெதுவும் கலக்காத உப்பை 10 லிட்டருக்கு ஒரு சிறு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் அளவில், தனியே தண்ணீரில் கரைத்து, ஒரே மூச்சில் ஊற்றாமல் சில மணி நேரத்தில் பகுதி பகுதியாகச் சேருங்கள். கோரிடோராஸ் போன்ற மீன்களும், சில செடிகளும் நத்தைகளும் உப்பை அவ்வளவாகத் தாங்காது, அவை இருந்தால் பாதி அளவோடு நிறுத்துங்கள். உப்பு ஆவியாகாது. தண்ணீர் மாற்றும்போது எடுத்த பங்குக்கு மட்டும் மறுபடி சேர்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அம்மோனியாவைப் பிடிக்க ஃபில்டரில் சியோலைட் போட்டிருந்தால், உப்பு சேர்ப்பதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். உப்பிலுள்ள சோடியம் சியோலைட்டில் ஏறி, அது பிடித்து வைத்திருந்த அம்மோனியத்தைத் தொட்டிக்குள்ளேயே தள்ளிவிடும்.

அறிகுறி: டெஸ்ட் கிட் சொல்வதும் மீன் சொல்வதும் ஒத்துப்போகவில்லை

மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கின்றன, அம்மோனியா 0.25 என்று காட்டுகிறது என்றால், முதலில் டியூபைப் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்கு முன் வைத்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் வெளிர்மஞ்சளும் வெளிர்பச்சையும் பிரித்தறிய முடியாது. அம்மோனியாவைக் கட்டிப்போடும் வகைக் குளோரின் நீக்கியைச் சேர்த்திருந்தால், கட்டப்பட்ட அம்மோனியாவையும் பெரும்பாலான கிட்டுகள் சேர்த்தே எண்ணிக் காட்டும். நைட்ரேட் எப்போதும் பூஜ்யம் என்றால் நைட்ரேட் கிட்டின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் நன்றாகக் குலுக்கினீர்களா என்று பாருங்கள், அதில் அடியில் படியும் பொருள் இருக்கும்.

அறிகுறி: ஃபில்டரைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை

ஆரோக்கியமான மீடியா மண் வாடை வீசும் என்று சொன்னேன். முட்டை வாடை என்றால் உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் போய், ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகியிருக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் வழக்கம். ஒன்று, கசடு அடைத்து ஓட்டம் நின்றுபோன மூலை. மற்றொன்று, மின்சாரம் போய்ப் பல மணி நேரம் நின்ற கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்.

மூடிய கேனிஸ்டருக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள், ஓட்டம் நின்றாலும் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். உள்ளே இருக்கும் கொஞ்ச ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மின்சாரம் வந்ததும் ஃபில்டர் தானே ஓடத் தொடங்கி, அந்தக் கெட்ட தண்ணீரை நேராகத் தொட்டிக்குள் கக்கிவிடும். ஆகவே நீண்ட நேரம் மின்சாரம் இல்லை என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரும்ப ஓட்டும் முன் கேனிஸ்டரின் தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசி, அப்புறம் மாட்டுங்கள். வெகுநேரம் வராது என்று தெரிந்தால் மீடியாவை எடுத்துத் தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பின் குழாயை அதற்குள் விட்டுவிடலாம். சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கவலை இல்லை. அது தொட்டிக்குள்ளேயே திறந்து கிடப்பதால் நிலைமை மெதுவாகத்தான் கெடும்.

அறிகுறி: ஓட்டம் குறைந்துவிட்டது, அல்லது கடகடவென்று சத்தம்

காற்று மாட்டியிருக்கிறது என்றால் கேனிஸ்டரைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து ஆட்டினால் குமிழி வெளியேறும். சத்தம் நிற்கவில்லை என்றால் இம்பெல்லரை, அதாவது மோட்டாரில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை, எடுத்துப் பாருங்கள். ஒரு சரளைத் துணுக்கோ சின்ன நத்தையோ மாட்டியிருக்கும். வரிசையையும் பாருங்கள்: தண்ணீர் முதலில் முரட்டு ஸ்பாஞ்ச், அப்புறம் நைசான பஞ்சு, கடைசியில் செராமிக் ரிங் என்று போக வேண்டும். பஞ்சு முதலில் வந்தால் மூன்றே நாளில் அடைத்துக்கொள்ளும்.

அறிகுறி: வருடக்கணக்கில் நன்றாக இருந்த தொட்டி, பெரிய சுத்தம் செய்த அன்றே விழுந்தது

இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனையோ பேர் "புது மீடியாவில் விஷம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அம்மோனியாவை மாற்றும் வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. தண்ணீர் ஒழுங்காக மாற்றாத தொட்டியில், ஆவியானதற்கு மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால், கேஎச் மெல்ல மெல்லப் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். அதைத் தாங்கிப் பிடித்த பிஎச்சும் கீழே சரியும். பிஎச் 6-க்குக் கீழே போகும்போது பாக்டீரியாக்களின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் அந்தப் பிஎச்சில் அது கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியமாகவே இருக்கும், மீன்களிடம் பெரிதாக ஒன்றும் தெரியாது.

அந்த நிலையில் ஒரு நாள், மீடியாவை மாற்றி, பிஎச் 8 உள்ள புதுத் தண்ணீரைப் பாதிக்கு மேல் ஊற்றுகிறோம். தொட்டியின் பிஎச் ஒரே தாவலில் ஏறுகிறது. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அம்மோனியம் அப்போதே நச்சாக மாறுகிறது. மீன் சாகிறது, பழி மீடியா மேல் விழுகிறது.

அதனால் பழைய தொட்டியைத் தொடும் முன் பிஎச்சையும் கேஎச்சையும் அம்மோனியாவையும் கட்டாயம் அளந்துவிடுங்கள். பிஎச் தாழ்ந்து அம்மோனியா ஏறியிருந்தால், மீடியாவை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். தண்ணீரைத் தினமும் 10 சதவீதம் மட்டும் மாற்றி, இரண்டு வாரம் போல் எடுத்துக்கொண்டு மெல்ல மேலே கொண்டுவாருங்கள். அம்மோனியாவைப் பிடிக்க ஃபில்டரில் சியோலைட் ஒரு பை போடலாம். நொறுக்கிய பவளத் துண்டுகளை ஒரு சின்ன வலைப்பையில் கட்டிப் போட்டால் அது மெதுவாகக் கரைந்து கேஎச்சைத் தாங்கும். ஆனால் அம்மோனியா இறங்கிய பிறகே அதைச் செய்யுங்கள். வேகமாக ஏற்றுவதுதான் இங்கே ஆபத்து.

அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் மீடியாவை மாற்றியே ஆக வேண்டும்

சரி, உண்மையில் எதை மாற்ற வேண்டும்? பெட்டியின் மேல் "மாதம் ஒரு முறை மாற்றவும்" என்று எழுதியிருக்கலாம். அது கார்பனுக்குப் பொருந்தும். அதன் உறிஞ்சும் திறன் சில வாரத்தில் தீர்ந்துவிடும். ஸ்பாஞ்ச் பிழிந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் வரை நல்ல ஸ்பாஞ்ச்தான். பிழிந்தால் சப்பையாகவே கிடக்கிறது, பிய்ந்து துகள் துகளாக வருகிறது என்றால் அதன் காலம் முடிந்தது. செராமிக் ரிங் உடைந்து பொடியாகாத வரை வருடக்கணக்கில் இருக்கலாம். அதைத் தேய்க்கவே வேண்டாம். வாளித் தண்ணீரில் தட்டோடு முக்கி, இரண்டு மூன்று முறை ஆட்டி எடுத்தால் போதும். கசடு படியும் பஞ்சை மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஸ்பாஞ்சும் ரிங்கும் அப்படியே இருக்கும் வரை.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டேன் என்று பதறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதிர்ந்த வழவழப்பு கொஞ்சம் கெட்டியானது, ஒரு சின்ன அலசலில் எல்லாம் செத்துப்போய்விடாது. ஒரு வாரம் தீனியைக் குறைத்து அளந்து பாருங்கள். ஆனால் வெந்நீர், சோப்பு, பிளீச்சிங் இவற்றைத் தொட்டிருந்தால், அது புது மீடியா என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

மாற்றும் விதம் இதுதான்: பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் சில வாரம் ஓட வேண்டும். ஸ்பாஞ்ச் என்றால் பாதியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதைப் பொருத்துங்கள். மிச்சப் பாதியை நான்கு வாரம் தொடாதீர்கள். ரிங் என்றால் மூன்றில் ஒரு பங்கு. தொட்டியின் விளிம்பில் தொங்கும், ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ் மட்டும் உள்ள ஹேங் ஆன் ஃபில்டர்தான் சிக்கலானது. அதில் புதிய கார்ட்ரிட்ஜை முன்னால் மாட்டி, பழையதன் பஞ்சை மட்டும் கிழித்து எடுத்துப் பின்னால் இடுக்கி வையுங்கள். நான் அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு ஸ்பாஞ்ச் துண்டை வைத்துவிடுவதையே விரும்புகிறேன். அப்புறம் கார்ட்ரிட்ஜை எப்போது மாற்றினாலும் கவலை இல்லை. ஃபில்டரையே மாற்றுகிறீர்கள் என்றால் பழையதையும் புதியதையும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் சேர்த்து ஓட்டுங்கள். அதற்கு இடமில்லை என்றால் பழைய மீடியாவை எடுத்துப் புதிய ஃபில்டருக்குள் போட்டுவிடுங்கள்.

அதே வாரத்தில் சரளையைச் சுத்தம் செய்யாதீர்கள். சரளையின் மேலும் நிறையப் பாக்டீரியா இருக்கிறது. ஃபில்டரில் இழப்பதை அது ஈடு செய்ய வேண்டும். புது மீன் விடுவதை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். மருந்துகளிலும் கவனம் தேவை. எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் மெத்திலீன் புளூவும் இந்தப் பாக்டீரியாக்களைப் பாதிக்கக்கூடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். தொட்டியின் பின்பக்க மூலையில், ஏர் பம்ப்பில் ஓடும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை எப்போதும் ஓடவிடுங்கள். முக்கிய ஃபில்டரைச் சுத்தம் செய்யும் நாளில் அதைத் தொடாதீர்கள். பெரிய ஃபில்டர் பழுதானாலும், நோயுற்ற மீனுக்குத் திடீரென்று தனித் தொட்டி தேவைப்பட்டாலும், அந்த ஸ்பாஞ்சைத் தூக்கி அங்கே வைத்தால் அந்த நிமிடமே வேலையைத் தொடங்கிவிடும். மருந்து போட்ட தொட்டிக்குப் போன ஸ்பாஞ்சை மட்டும் திரும்பப் பெரிய தொட்டிக்குள் கொண்டுவராதீர்கள். அதன் இடத்தில் புதிதாக ஒன்றை வைத்து ஓட்டத் தொடங்குங்கள், ஐந்தாறு வாரத்தில் அதுவும் தயாராகிவிடும்.